காட்டில் தனியே இருக்கையில் வரும் அச்சமும் விளங்காத அனுபவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளை ஒட்டிய ஊர்களுக்குப் பறவைக் கணக்கெடுப்புக்காகவும் நடுகற்களைப் பார்ப்பதற்காகவும் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். ராகிக் காவலுக்குப் பரணில் இரவைக் கழிப்பவர்கள், மாட்டுப் பட்டியோடு காட்டில் தங்குபவர்கள், புளி உலுக்கப் போகிறவர்கள், விடுமுறையில் ஊருக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் எனப் பலரும் என்னிடம் கேட்பவை ஏறத்தாழ ஒரே ஐயங்களாகத்தான் இருக்கின்றன. பேச்சு முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். கேலி செய்துவிடுவார்களோ என்ற தயக்கம் முகத்தில் தெரியும். கேலிக்குரிய கேள்வி இவற்றில் ஒன்றுகூட இல்லை என்று கருதுவதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

காட்டில் தனியாக இருந்தால் மட்டும் ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறது? எனக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டும் இல்லை. அச்சம் நான்கு காரணங்களால் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வகுத்துச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அரசர் முதலிய அதிகாரம் உடையோர்). கண்ணுக்குத் தெரியாமல் வருத்தும் அணங்கை முதலிலும், கண்ணால் காணக்கூடிய விலங்கை அதன் பிறகும் வைத்திருக்கிறார்கள். நம் பகுதிக்கு இந்த வரிசை இன்றும் பொருந்துகிறது. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று வனவிலங்கு சரணாலயங்களாக அறிவிக்கப்பட்ட இக்காடுகளில் யானையும் சிறுத்தையும் உலவுகின்றன. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட காலம் வரை, காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு பக்கம் அவரது கூட்டத்துக்கும் மறுபக்கம் அதிரடிப்படையின் விசாரணைக்கும் அஞ்சியே நடந்தார்கள்.

நான்கு பேராகச் செல்லும்போது பார்ப்பதும் கேட்பதும் நால்வருக்கும் பங்காகிவிடுகின்றன; பேச்சுச் சத்தத்தில் சிறு ஓசைகள் அமுங்கிப் போகின்றன. தனியே நிற்கும்போது முழுக் காவலும் ஒருவர் தலையில் விழுகிறது. அப்போது உடம்பு தன் கடமையைச் செய்கிறது: நெஞ்சு வேகமாக அடிக்கிறது, காது கூர்மையடைகிறது, ஒரு சருகு விழுந்தாலும் கழுத்து திரும்புகிறது. இந்த விழிப்பு நிலையையே நாம் "ஒரு மாதிரி" என்கிறோம்.

முதுகுக்குப் பின்னால் யாரோ பார்த்துக்கொண்டே இருப்பது போலத் தோன்றுகிறதே, அது உண்மையா?

பார்வை முதுகில் படுவதை உடம்பு உணருமா என்ற கேள்வி மிகப் பழையது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் டிட்ச்னர், தம் மாணவர்கள் பலர் இதை உறுதியாக நம்புவதைக் கண்டு சோதித்துப் பார்த்து 1898இல் எழுதினார். அத்தகைய ஆற்றலுக்கு அவர் சான்று எதையும் காணவில்லை. முதுகுப்புறம் நம்மால் காக்க முடியாத பக்கம் என்பதால் அங்கே ஓர் அமைதியின்மை எப்போதும் இருக்கிறது, அதனால் திரும்புகிறோம், திரும்புவதைக் கண்டு மற்றவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள், அதையே சான்றாக எடுத்துக்கொள்கிறோம் என்பது அவரது விளக்கம்.

வகுப்பறைக்கு அது போதும். ஆனால் நம் காட்டில் உங்களை எதுவும் பார்க்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜவளகிரிப் பக்கம் ஒரு வண்டித்தடத்தில் காலையில் நடந்து சென்று ஒரு மணி நேரத்தில் திரும்பியபோது, நான் போகையில் புழுதியில் பதிந்திருந்த செருப்புத் தடத்தின் மேலேயே சிறுத்தையின் காலடி பதிந்திருந்தது. குதிகால் இருந்த இடத்தில் நான்கு விரல்களும் உள்ளங்கால் மேடும் அச்சு வார்த்தது போலத் தெளிவாகத் தெரிந்தன. நகத்தின் கீறல் இல்லை. அன்று எனக்கு எந்த உணர்வும் வரவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். முதுகு கூசிய எத்தனையோ நாட்களில் தடம் எதையும் கண்டதில்லை. கூசாத நாளில் கண்டேன். ஆகவே அந்த உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் சுற்றிலும் பார்த்து நடப்பதே சரி.

பூச்சிச் சத்தம் எல்லாம் திடீரென்று நின்று காடே அடங்கிப் போகிறதே, அது எதனால்?

பல நேரங்களில் காரணம் நீங்கள்தான். சில்வண்டுகள் காலடி அதிர்வை உணர்ந்ததும் ஓசையை நிறுத்திவிடும். ஒன்று நின்றதும் பக்கத்தில் உள்ளவையும் நின்றுவிடும். அசையாமல் சில நிமிடங்கள் நின்றால் மெல்ல மீண்டும் தொடங்கும். மேகம் மூடினாலும் வெப்பம் சட்டென்று குறைந்தாலும் இதே நிகழும்.

பெரிய விலங்கு வந்தால் பெரும்பாலும் காடு அடங்காது, ஓசை எழுப்பும். சிறுத்தையைக் கண்ட குரங்கு விடாமல் குரைப்பது போலக் கத்தும், புள்ளிமான் கீச்சென்று கூவும், கடமான் அடித்தொண்டையில் கனைத்துக்கொண்டே காலைத் தரையில் உதைக்கும். ஆள்காட்டிக் குருவியின் பெயரே இந்த வேலைக்காகத்தான் வந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் காட்டுக்குள் நடக்கும்போது அதிகம் பேச மாட்டார்கள். இந்தச் செய்திகளைக் கேட்டுக்கொண்டே நடப்பார்கள்.

உச்சி வேளையில் முனி நடக்கும், காட்டுப் பக்கம் போகாதே என்று பாட்டி சொல்வார். அதில் ஏதாவது உண்டா?

உச்சி வேளையில் பறவைகள் பாடுவதில்லை, நிழல் காலடியில் ஒடுங்கிவிடுகிறது, பாறைக்கு மேலே காற்று கானலாக அலைகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் நீர் குறைந்த உடம்புக்குத் தலைசுற்றலும் கண்ணிருட்டலும் வருவது இயல்பு. பாட்டியின் சொல்லை நான் மீற மாட்டேன். அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்திருப்பது நல்லது.

ராத்திரியில் குழந்தை அழுவது போலவும், ஒரு பெண் கதறுவது போலவும் கேட்டது. அது என்ன?

கேட்டதை நான் மறுக்கவில்லை. கூகை எனப்படும் வெள்ளை ஆந்தை கீச்சென்று நீட்டி அலறும். முதல் முறை கேட்பவர் மனிதர் தொண்டை என்றே எண்ணுவார். மயில் இரவில் மிரண்டால் எழுப்பும் குரல், குழந்தையின் வீறிடலுக்கு மிக அருகில் வரும். நரிகள் ஒன்றாக ஊளையிடும்போது மூன்று நான்கு நரிகளே பெருங்கூட்டம் போல ஒலிக்கும். பாறை முகடுகளில் வாழும் கொம்பன் ஆந்தையின் ஆழ்ந்த இரட்டைக் குமுறல், யாரோ ஒருவர் பெருமூச்சு விடுவது போலப் பள்ளத்தாக்கு முழுவதும் பரவும்.

பக்கிக் குருவியைத் தனியே சொல்ல வேண்டும். கூழாங்கல் ஒன்றைப் பாறை மேல் உருட்டிவிட்டால் எப்படித் தாவித் தாவி வேகம் கூடி ஓயுமோ, அப்படி இருக்கும் அதன் குரல். வழியிலேயே உட்கார்ந்திருக்கும்; கைவிளக்கு வெளிச்சம் பட்டதும் கண் செந்தணலாக எரியும்; காலுக்கடியிலிருந்து ஓசையின்றி எழும்பிப் போகும். இது ஒரு பறவை என்று தெரியாதவர், தரையிலிருந்து ஒரு தணல் எழுந்து பறந்ததாகச் சொன்னால் அதில் பொய் ஏதும் இல்லை.

பறவைச் சத்தம் எனக்குத் தெரியும் ஐயா. நான் கேட்டது மேளமும் பாட்டும். சுற்றிலும் ஊரே கிடையாது.

இதைக் கேட்டவர் சின்னாற்றங்கரையில் பட்டி போட்டிருந்த ஒரு பெரியவர். பகலில் தரை சூடாக இருக்கும்போது ஓசை மேல்நோக்கி வளைந்து சிதறிவிடுகிறது. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று படிந்திருக்கும்போது, ஓசை கீழ்நோக்கி வளைந்து தரையை ஒட்டியே வெகுதொலைவு செல்லும். பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகச் செல்லும் இரயிலின் ஒலி, பகலில் அறவே கேட்காத ஊர்களில் பின்னிரவில் தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

நம் பகுதியில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். முகவீணையும் மிருதங்கமும், துகில் உரியும் காட்சியில் திரௌபதி வேடக்காரர் அழும் குரலும், ஒலிபெருக்கி வழியே மலைமுகட்டில் மோதித் திரும்பினால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிய முடியாது. காற்று மாறும்போது பாட்டு வரும், போகும். இடையில் ஒரு சொல் மட்டும் காதில் விழும். அந்தப் பெரியவர் கேட்ட இரவில் எங்காவது திருவிழா இருந்ததா என்று விசாரிக்கச் சொன்னேன். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அன்று கூத்து நடந்திருந்தது.

என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டது. பறவையோ கூத்தோ என் பெயரை எப்படிச் சொல்லும்?

ஆற்றுச் சலசலப்பிலும் இலைச் சத்தத்திலும் எல்லா ஓசைகளும் கலந்திருக்கின்றன. அவற்றில் எதை மனம் முதலில் தேடி எடுக்கும் என்றால், தன் பெயரைத்தான். 1959இல் மோரே என்ற ஆய்வாளர், ஒரு காதில் வரும் செய்தியை மட்டும் கவனிக்கச் சொல்லி, கவனிக்க வேண்டாம் என்ற மறுகாதில் பலவற்றையும் ஒலிக்கவிட்டார். மற்றவை ஏறத்தாழ ஒன்றுமே ஏறவில்லை. ஆனால் ஏறக்குறைய மூவரில் ஒருவர் தம் பெயர் வந்ததை மட்டும் கண்டுகொண்டார்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையில் பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்பதும் நலமானவர்களுக்கே பரவலாக நேர்கிறது. தாயை இழந்த ஒருவர், அம்மாவின் குரலில்தான் கேட்டது என்றார். அவரிடம் இந்த ஆய்வை நான் சொல்லவில்லை; அம்மாவைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று முறை கூப்பிட்டால்தான் பதில் தர வேண்டும் என்பது நம் வழக்கம். இதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஓர் அதிர்வும், காரணமில்லாத கலக்கமும் வந்தன. அது என்ன?

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழான, அதாவது நொடிக்கு 20 அதிர்வுகளுக்கும் குறைவான, ஓசையைக் கேட்பதில்லை. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சிசாலையில் யானைகளின் அருகே நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், காதில் விழாமல் காற்றில் துடிக்கும் ஓர் அதிர்வை உணர்ந்தார். பின்னர் பதிவு செய்து பார்த்ததில், யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஓசையில் பேசிக்கொள்வது தெரியவந்தது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில், ராகி விளையும் வேளையில், பன்னேர்கட்டாக் காடுகளிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் நம் பக்கம் வருவதை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தியின் பொருள் விளங்கும். இங்கிலாந்தில் விக் டாண்டி என்பவர், தம் ஆய்வுக்கூடத்தில் எழுந்த கலக்கத்துக்கும் கண்ணோர உருவத்துக்கும் ஒரு காற்றாடி உண்டாக்கிய ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணம் என்று 1998இல் எழுதினார். அத்தகைய ஓசை அச்சத்தை உண்டாக்கும் என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை.

ஒரு மார்கழி இரவில் அஞ்செட்டி அருகே ராகிக் கொல்லைப் பரண் ஒன்றில் தங்கியிருந்தேன். இரண்டு மணி இருக்கும். கீழே படுத்திருந்த நாய் எழுந்தது, குரைக்கவில்லை, பரண் காலோடு உடம்பை ஒட்டிக்கொண்டு நின்றது. பம்பை அடித்து ஓய்ந்த பிறகு அருகில் நிற்பவர் மார்பில் ஒரு கனம் தங்குமே, அதுபோன்ற கனம் எனக்கும் தங்கியது. விடிந்ததும் வரப்போரம் வட்ட வட்டமாகக் காலடிகளும் ஈரம் உலராத லத்தியும் கிடந்தன. யானையின் ஓசையை நான் உணர்ந்தேன் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நாயின் நடத்தையைக் கண்டு என் உடம்பு அஞ்சியிருக்கலாம். எப்படியானாலும் பரணை விட்டு இறங்காதிருந்தது சரியாகப் போயிற்று.

கண்ணோரத்தில் ஓர் உருவம் நகர்ந்தது. நேராகத் திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. கண்ணில் கோளாறா?

கண்ணில் கோளாறு இல்லை; கண்ணின் அமைப்பே அப்படி. மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கும் உயிரணுக்கள் கண்ணின் நடுப்புள்ளியில் கிடையாது. அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. இருட்டில் ஓரப்பார்வைக்குத் தெரிவது நேர்ப்பார்வைக்கு மறைந்துவிடுகிறது. அந்த ஓரப்பார்வை அசைவை நன்கு பிடிக்கும், வடிவத்தைச் சரியாகப் பிடிக்காது. விடுபட்டதை மனம் நிரப்பிக்கொள்ளும்போது, தான் நன்கறிந்த மனித உருவத்தையே வைத்து நிரப்புகிறது. கரிந்த அடிமரம் ஒன்று குந்தியிருக்கும் ஆளாக மாறுவது இப்படித்தான்.

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தால் அந்தப் பழக்கம் குலைந்துவிடும். பார்க்க வேண்டிய இடத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை நிறுத்திப் பழகுங்கள். பரணில் காவல் இருக்கும் பெரியவர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள்.

தூரத்தில் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. கொள்ளிவாய்ப் பிசாசு என்கிறார்களே?

முழு இருட்டில் தனித்து நிற்கும் ஒரு சிறு வெளிச்சத்தைத் தொடர்ந்து பார்த்தால், அது அசையாமல் இருந்தாலும் அலைவது போலவே தோன்றும். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருள் இல்லாததால், கண்ணின் நுண்ணிய அசைவை வெளிச்சத்தின் அசைவாக மனம் எடுத்துக்கொள்கிறது. மலை மேல் எரியும் ஒரு விளக்கோ, அடிவானத்து விண்மீனோ போதும். இரவில் தேன் எடுப்பவர்களின் பந்தம், கோடைத் தீயில் மிச்சமாய்ப் புகையும் கட்டை, இன்னொரு கொல்லைக் காவலரின் கைவிளக்கு ஆகியவையும் உண்டு. ஒரு மரக்கிளையின் நுனியையோ பாறை விளிம்பையோ அந்த வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள்; அது உண்மையில் நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். நகர்ந்தால் பெரும்பாலும் மனிதர்தான்.

ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் மல்லிகை வாசனை வந்தது. இன்னொரு நாள் சோறு வேகும் வாசனை.

காட்டுமல்லிகை நம் குன்றுகளில் உண்டு. இரவில் மலரும் பூக்கள் பெரும்பாலும் வெண்மையாக இருப்பதும் இரவில் மணம் வீசுவதும் அந்திப்பூச்சிகளை அழைப்பதற்காக. குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும்போது அந்த மணம் ஒரு திரையாக வந்து கடந்து போகும். சோறு வேகும் மணத்துக்கு மரநாய் காரணமாக இருக்கலாம். அது விட்டுச் செல்லும் நெடி பலருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நீங்கள் அஞ்ச வேண்டிய மணம் வேறு: சாணமும் புளித்த தழையும் கலந்த கனத்த நெடி காற்றில் வந்தால் யானை அருகில் இருக்கிறது.

இரவில் புளியமரத்தடியில் அமுக்குவது போல இருப்பதற்குக் கரியமில வாயுதான் காரணம் என்று பள்ளியில் சொன்னார்கள். அது சரிதானே?

சரியல்ல. அறிவியல் போலத் தோற்றமளிப்பதாலேயே இந்த விளக்கம் கேள்வியின்றி வழங்கி வருகிறது. மரம் இரவில் வெளிவிடும் கரியமில வாயு மிகக் குறைவு; பக்கத்தில் படுத்திருக்கும் ஒரு மனிதரின் மூச்சு அதைவிட உங்களுக்கு நெருக்கமானது, அதனால் யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை. திறந்த வெளியில் காற்று உடனுக்குடன் கலந்துவிடும்.

புளியமரம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சொத்து. அதன் மேல் வீணாகப் பழி விழுவதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தியில் அதன் சிற்றிலைகள் இணை இணையாக மடங்கிக்கொள்கின்றன, மரத்தின் தோற்றமே மாறிவிடுகிறது. பொந்தில் ஆந்தை, கிளையில் வௌவால், காய்ந்த பழம் தகர ஓட்டில் விழும் ஓசை எனப் பகலில் இல்லாத குடித்தனம் இரவில் அங்கே தொடங்குகிறது.

அப்படியானால் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கியது எது? கத்த நினைத்தும் வாய் வரவில்லை.

அமுக்குவான் பேய் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். கனவு காணும் உறக்கத்தில், கனவில் ஓடுவதை உடம்பு செய்துவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்குவதற்கு முன் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது, கனவின் மிச்சம் அறைக்குள் உருவமாக நிற்கும். ஓரிரு நிமிடங்களில் தானே விலகும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். விட்டு விட்டுத் தூங்கும் காவலர்கள் இதைச் சொல்வதில் வியப்பில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தை மாதக் குளிரில் கங்கு நிரப்பிய சட்டியை மூடிய குடிசைக்குள்ளோ வண்டிக்குள்ளோ வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. நெஞ்சழுத்தம், தலைவலி, காலடிச் சத்தம், உருவங்கள் என்று ஒரு குடும்பமே பேய் வீடு என எண்ணி வாழ்ந்த வீட்டில், பழுதடைந்த அடுப்பின் இந்த வாயுவே காரணமாக இருந்ததை அமெரிக்க மருத்துவர் வில்மர் 1921இல் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் பிழைத்தார்கள், எல்லோரும் பிழைப்பதில்லை.

பழகிய வழிதான். ஆனால் மூன்று முறை அதே பாறைக்கே வந்து சேர்ந்தேன். திகைப்பூண்டை மிதித்துவிட்டேனா?

மிதித்தால் திக்குத் தெரியாமல் போகும் என்று நம்பப்படும் அந்தப் பூண்டை எனக்கு அடையாளம் காட்டியவர் எவரும் இல்லை. ஆனால் அதை மிதித்தவர்கள் அடைவதாகச் சொல்லப்படும் நிலை மெய்யானது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், காட்டிலும் பாலைவனத்திலும் மனிதர்களை நேராக நடக்கச் சொல்லி அவர்களின் தடத்தைப் பதிவு செய்தார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தபோது நேராக நடந்தார்கள்; மேகம் மூடியதும், தாம் நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே வட்டமடித்தார்கள்.

மேலகிரி மலைத்தொடரின் சரிவுகளில் மூங்கிலும் புதரும் அடர்ந்த இடங்களில் முகடு கண்ணுக்குத் தெரியாது. அப்படி நேர்ந்தால் நடப்பதை நிறுத்துங்கள். உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். பாறையில் ஓர் அடையாளம் வையுங்கள், நீரோடும் ஓசையைத் தேடுங்கள். இருட்டிவிட்டால் அங்கேயே மேடான இடத்தில் இருந்துவிடுங்கள்.

எனக்குப் பக்கத்தில் ஒருவர் கூடவே நடந்து வந்தார். பார்க்கவில்லை, ஆனால் இருந்தார். இதையும் காது, கண் என்று விளக்கிவிடுவீர்களா?

இல்லை, இது மேலே சொன்னவற்றிலிருந்து வேறானது. 1916இல் தென்துருவக் கடலின் சவுத் ஜார்ஜியா தீவை 36 மணி நேரம் ஓயாது நடந்து கடந்த ஷாக்கில்டனும் இரு தோழர்களும், தம்மோடு நான்காவதாக ஒருவர் நடந்ததாக உணர்ந்தார்கள். 1933இல் எவரெஸ்டில் தனியே ஏறிய ஃபிராங்க் ஸ்மைத், கையிலிருந்த இனிப்பை உடைத்து, பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டத் திரும்பினார்; அங்கே யாரும் இல்லை. மிகுந்த களைப்பு, தனிமை, ஒரே மாதிரியான காட்சி ஆகியவை சேரும்போது இது நேர்கிறது.

2006இல் சுவிட்சர்லாந்தில் ஒலாஃப் பிளாங்கேவின் குழுவினர், வலிப்பு நோய்க்கான பரிசோதனையில் ஒரு பெண்ணின் மூளையில் காதுக்கு மேலுள்ள ஒரு பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, தம் பின்னால் நிழல் போன்ற ஒருவர் இருப்பதாக அவர் சொன்னார். அவர் உட்கார்ந்தால் அந்த ஆளும் உட்கார்ந்தார். நம் உடம்பு எங்கே இருக்கிறது என்று கணக்கிடும் இடம் அது; கணக்குத் தடுமாறினால் நம் உடம்பே இன்னொருவராகத் தோன்றுகிறது. துணையாக வந்தவர் தமக்கு வழி காட்டினார் என்று சொல்பவரிடம் நான் வாதிடுவதில்லை. அந்த உணர்வு வந்தால் களைப்பு எல்லை கடந்துவிட்டது என்று அறிந்து உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

நடுகல்லும் கற்திட்டையும் இருக்கும் இடத்தில் மட்டும் உடம்பு சிலிர்க்கிறதே? எதையும் நம்பாத என் நண்பனுக்கும் சிலிர்த்தது.

எனக்கும் சிலிர்க்கும். மல்லசந்திரத்தில் பாறை மேல் வரிசையாக நிற்கும் கற்திட்டைகள், பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோருக்கு எழுப்பியவை. காட்டோரம் வேடியப்பன் என்று கும்பிடப்படும் கற்களில் பல, ஆநிரை காக்கும் பூசலிலோ போரிலோ விழுந்த ஒருவருக்கு நட்ட நடுகற்கள். மஞ்சளும் எண்ணெயும் படிந்த கல்லின் மேல் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால், பகலில் தட்டையாகத் தெரிந்த உருவத்தின் ஓங்கிய வாளும் வளைந்த முழங்காலும் நிழலோடு எழுந்து நிற்கும். விளக்கு நடுங்கினால் கையும் நடுங்கும். ஓர் இளைஞர் இறந்த இடம் அது என்று அறிந்தவருக்கு, அவர் எதை நம்பினாலும் நம்பாவிட்டாலும், மயிர்க்கால் சிலிர்ப்பதில் விளக்கம் தேட வேண்டிய குறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சிலிர்ப்பைப் போக்குவதற்காக இந்தப் பக்கத்தை எழுதவில்லை.

எந்த உணர்வை மட்டும் அலட்சியம் செய்யவே கூடாது?

மேலே சொன்ன யானை நெடியும், நாய் குரைக்காமல் ஒடுங்குவதும், மூடிய குடிசையில் வரும் தலைவலியும் முதலில் வரும். கோடை இடிமழைக்கு முன் மொட்டைப் பாறை மேல் நிற்கையில் தலைமுடி தானே எழுந்து நின்றால், அது அச்சத்தால் அல்ல, மின்னூட்டத்தால். உடனே தாழ்வான இடத்துக்கு இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். சரணாலயத்துக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். அனுமதியோடு போனாலும், எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கள் அப்பா நாற்பது வருடம் காட்டில் ஆடு மேய்த்தவர். இப்போது வீட்டிலும் குரல் கேட்கிறது என்கிறார். காட்டிலிருந்து ஏதாவது தொற்றிக்கொண்டு வந்ததா?

காட்டை விட்டு வந்த பிறகும் தொடரும் குரல், மருத்துவரிடம் காட்ட வேண்டிய குரல். காது மந்தமாதல், காய்ச்சல், தூக்கமின்மை, குடியைச் சட்டென்று நிறுத்துதல், மூப்பினால் வரும் மூளைத் தேய்வு எனப் பல காரணங்கள் உண்டு. பலவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். கோயிலுக்கு அழைத்துச் செல்வதாக இருந்தால் அழைத்துச் செல்லுங்கள், மருத்துவமனைக்கும் அதே வாரத்தில் அழைத்துச் செல்லுங்கள்.

காட்டிலிருந்து கூப்பிடும் குரலுக்குப் பதில் கொடுக்கவே கூடாது என்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பதில் கொடுப்பேன். மூன்று முறை வரை பொறுத்திருப்பது நல்ல வழக்கம்தான்; மனம் உண்டாக்கும் குரல் பெரும்பாலும் ஒருமுறை கேட்டு நின்றுவிடும், பறவை தன் தாளத்தில் கத்தும், வழி தவறிய மனிதர் விட்டு விட்டு அழைத்துக்கொண்டே இருப்பார். மூன்றாவது முறையும் கேட்டால் நின்ற இடத்திலிருந்தே உரக்கக் குரல் கொடுங்கள், கேள்வி கேளுங்கள். கேள்விக்கு விடை வந்தால் அது மனிதர். இருட்டில் குரலை நோக்கித் தனியே ஓடாதீர்கள். விளக்கோடு நான்கு பேரை அழைத்துக்கொண்டு போங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் சின்னாற்றை ஒட்டிய சரிவில் ஆடு ஓட்டிச் சென்ற ஒருவர் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தார். மாலை முழுவதும் கூப்பிட்டிருக்கிறார். விறகோடு திரும்பிய இருவர் காதில் அது விழுந்தது. அவரும் அவர்களில் ஒருவரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், அந்த நேரத்தில் அந்த வழியாக யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும் என்பதால். பெயரைச் சொல்லி அழைக்கிறதே என்று இருவரும் திரும்பிப் பாராமல் வேகமாக நடந்து ஊர் சேர்ந்துவிட்டார்கள். ஆடுகள் மட்டும் தனியே பட்டிக்குத் திரும்பியதைக் கண்டு, விடியலில் தேடிப் போனவர்கள் அவரைத் தூக்கி வந்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார், கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அந்த இருவரில் ஒருவர்தான் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்.